ஞாயிறு மட்டும் லீவு உள்ளவர் எந்தச் சதுப்புக்குப் போவது?

கேள்வி: இங்கிலாந்தில், பீட்டர்பரோவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வயது 31. சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். இரண்டு வருஷமாகக் கிளே தட்டு (காற்றில் வீசும் களிமண் குறித்தட்டு) துப்பாக்கியால் சுட்டுப் பழகி, போன மாதம் ஷாட்கன் சான்றிதழும் வாங்கிவிட்டேன். அடுத்த சீசனில் கடலோரச் சதுப்பில் காட்டு வாத்து சுடப் போக ஆசை. லிங்கன்ஷயர் பக்கம் ஒரு சின்ன கிளப், நார்ஃபோக்கில் எல்லோரும் புகழும் ஒரு கிளப், கென்ட்டில் என் நண்பர் இருக்கும் பெரிய கிளப் என மூன்றை விசாரித்து வைத்திருக்கிறேன். எதில் சேர்வது? அக்டோபரில் நாலு பேர் வேன் பிடித்து ஸ்காட்லாந்துக்கு கூஸ் என்கிற பெரிய வாத்து சுடப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். போகலாமா? வாரத்தில் ஞாயிறு ஒருநாள்தான் எனக்கு விடுமுறை. இன்னொன்று, சுட்டுக் கொண்டுவந்தால் அதைச் சமைக்க முடியுமா என்று மனைவி கேட்கிறாள்.

பதில்: தம்பி (வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன்), போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் முதலில் என் கண்ணில் பட்டது. ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை என்கிறீர்கள். அதை வைத்தே மூன்றில் ஒன்றை அடித்துவிடலாம். நார்ஃபோக்கில் ஞாயிற்றுக்கிழமை காட்டு வாத்து சுடுவது சட்டப்படி குற்றம். டெவன், கார்ன்வால், சாமர்செட் போன்ற இடங்களிலும் அப்படித்தான். தேவாலயத்துக்குப் போகும் நாள் என்று எப்போதோ போட்ட தடை, இன்றும் அப்படியே நிற்கிறது. லிங்கன்ஷயரில் அது இல்லை. வேடிக்கை என்னவென்றால், வாஷ் வளைகுடாவில் நீன் ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனாலே நார்ஃபோக் எல்லை வந்துவிடும். அதே சேறு, அதே வாத்துதான். சனிக்கிழமை எங்கே நின்றாலும் வேட்டைக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் குற்றவாளி. சட்டம் அனுமதித்தாலும் சில கிளப்புகள் தங்கள் விதியிலேயே ஞாயிற்றுக்குத் தடை வைத்திருக்கும். அதனால் லிங்கன்ஷயர் கிளப்பிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

கென்ட்டுக்கு வருவோம். அங்கே சதுப்புகள் அருமையானவை, கிளப்புகளும் பழுத்தவை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் சூரியன் எட்டு மணிவாக்கில்தான் எழும். வாத்துகள் அதற்கு முன்பே, வெளுக்கத் தொடங்கும்போதே பறக்க ஆரம்பித்துவிடும். ஆறரை மணிக்கெல்லாம் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இருட்டில் சேற்றில் முக்கால் மணி நேர நடை என்று வையுங்கள், ஐந்தே முக்காலுக்குக் காரை நிறுத்தியாக வேண்டும். பீட்டர்பரோவிலிருந்து வாஷ் கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் நாலே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். கென்ட் என்றால் மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும், அதுவும் ஆறு நாள் கிடங்கில் நின்று வேலை பார்த்த பிறகு. இரண்டு முறை உற்சாகமாகப் போவீர்கள், மூன்றாவது முறை அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பீர்கள். உங்களை மட்டும் சொல்லவில்லை, நானும் அதைச் செய்தவன்தான்.

ஆக, லிங்கன்ஷயரின் சின்ன கிளப். வண்டி தூரம் ஒரு காரணம்தான், அதைவிடப் பெரிய காரணம் வேறு. நான் கிளே பயிற்சியாளர், சுடக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. பத்தொன்பது சீசனாகச் சதுப்புக்கும் போய்வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், சதுப்பில் சுடுவது பத்தில் ஒரு பங்கு வேலைதான். மிச்சம் ஒன்பது பங்கும் அந்த இடத்தைப் படிப்பது. எந்த ஓடையில் முதலில் தண்ணீர் ஏறுகிறது, வடகிழக்குக் காற்றில் வாத்து எந்தப் பக்கமாகத் தாழ்ந்து வருகிறது, எந்தச் சேறு முழங்காலோடு நிற்கும், எது இடுப்புவரை இழுக்கும் என்பதெல்லாம் ஒரே சதுப்பை இருபது முறை பார்த்தவனுக்குத்தான் தெரியும். பத்துச் சதுப்புகளை இரண்டிரண்டு முறை பார்த்தவனுக்கு ஒன்றும் தெரியாது. முதல் சீசனில் நான் பதினாலு முறை போய் மூன்று வாத்துகள்தான் கொண்டுவந்தேன். அந்தப் பதினாலும் ஒரே இடம் என்பதால்தான் இரண்டாவது சீசன் உருப்பட்டது.

தண்ணீரைப் பற்றி ஒரு கதை சொல்லியாக வேண்டும், இதை எந்தக் கிளப்பின் விதிப் புத்தகமும் உறைக்கிற மாதிரி சொல்லாது. என் இரண்டாம் சீசன், நவம்பர். விடிகிற நேரத்தில் மூடுபனி இறங்கியது. கடல் எனக்கு முன்னால் ஐந்நூறு அடி தள்ளி அமைதியாகக் கிடக்கிறது, இன்னும் நேரமிருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன். எழுந்து கரைக்குத் திரும்ப நடந்தால், வரும்போது கணுக்கால் அளவு இருந்த ஓடை தொடை வரைக்கும் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கிறது. கடல் முன்னாலிருந்து வரவேயில்லை. ஓடைகள் வழியாகச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு பூட்ஸையும் தோட்டாப் பையையும் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மூத்த உறுப்பினர் விசில் ஊதிய திசையில் நடந்து தப்பித்தேன். அவர் மட்டும் அன்று இல்லையென்றால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். மொர்க்கம்ப் வளைகுடாவில் 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் இருட்டில் ஏறிய கடலில் செத்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கரை புதிது.

கடலேற்ற அட்டவணை படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் மீனவக் கிராமங்களில் அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் பெருகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும், வேதாரண்யத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோடியக்கரையில் தண்ணீர் ஒரு முழம் ஏறி இறங்கும். வாஷில் பெருக்கு நாட்களில் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், இரண்டு மாடி உயரம். அட்டவணையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தவர்களும் உண்டு, இரண்டு முறை கூட்டியவர்களும் உண்டு. அட்டவணை நேரம் எதில் போட்டிருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். இரண்டாவது, அட்டவணையில் போட்டிருக்கும் உயரம் சாதாரண வானிலைக்கானது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். வடக்கிலிருந்து புயற்காற்றும் சேர்ந்துகொண்டால் வட கடல் நீர் வாஷுக்குள் வந்து குவியும். 2013 டிசம்பர் 5 இரவு அப்படித்தான் இந்தக் கரை முழுக்கத் தண்ணீர் வந்தது. வாத்துக்கு நல்ல வானிலை என்று நாம் குதூகலிப்பது பெரும்பாலும் அதே வானிலைதான், அதுதான் சிக்கல்.

இப்போது கிளப்பிடம் என்ன கேட்பது? எத்தனை வாத்து விழுகிறது என்று கேட்காதீர்கள். கேட்டால் முகம் சுருங்கும், சொன்னாலும் உண்மை சொல்ல மாட்டார்கள். 'முதல் வருஷம் என்னோடு யார் வருவார்?' என்று கேளுங்கள். நல்ல கிளப் என்றால் ஒரு பெயர் சொல்வார்கள். 'அதெல்லாம் நீங்களே பழகிக்கலாம், மேப் தர்றோம்' என்றால், அங்கே வாத்து மழையாகக் கொட்டினாலும் உங்களுக்கு வேண்டாம். பல கிளப்புகளில் புது உறுப்பினருக்கு ஒரு சோதனைக் காலம் உண்டு. மூத்தவர் துணையோடு இத்தனை முறை போக வேண்டும், பறவை அடையாளம் காணும் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிறகுதான் தனியாகப் போகலாம் என்பார்கள். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். அந்த நிபந்தனை எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவு நல்ல கிளப் என்பது என் அளவுகோல்.

அப்புறம் வேலை நாட்கள். கோடையில் மரப்பாலம் சரிசெய்வது, வேலி கட்டுவது, குப்பை பொறுக்குவது என்று வருஷத்தில் சில நாள் கூப்பிடுவார்கள். உங்கள் சான்றிதழ் திறக்காத பல கதவுகளை அந்த நாட்கள் திறக்கும். நம் நிறத்தில் ஒருவர் உள்ளே வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனாலும் மனதில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பார்த்தார்கள், மறைக்க மாட்டேன். முதல் பொதுக்கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. இரண்டாவது வேலை நாளில் ஒரு பாலத்தின் மறுமுனையைத் தூக்க ஆள் இல்லாமல் நின்றார்கள், தூக்கினேன். எதிர் முனையை அன்று பிடித்தவர்தான் பிறகு மூடுபனியில் விசில் ஊதியவர்.

காலமும் சரியாக அமைந்திருக்கிறது. உள்நாட்டில் ஜனவரி 31-ஆம் தேதியோடும், கடலோரத்தில் பெருக்கு நீர் எட்டும் கோட்டுக்குக் கீழே பிப்ரவரி 20-ஆம் தேதியோடும் சீசன் முடிந்துவிட்டது. அடுத்தது செப்டம்பர் 1. கிளப் செயலாளர்கள் சற்று ஓய்வாக இருக்கும் நேரம் இது. இப்போதே எழுதுங்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அதில் பெயரைப் போடுங்கள். கோடையில் துப்பாக்கி இல்லாமல், பைனாகுலரோடு பொதுப் பாதையில் கரைமேல் நடந்து பாருங்கள். நீன் வாயில் எதிரெதிராக நிற்கும் இரண்டு விளக்குக் கோபுரங்களைப் பார்ப்பீர்கள். கிழக்குக் கோபுரத்தில் 1930-களில் பீட்டர் ஸ்காட் குடியிருந்தார். இதே சேற்றில் கூஸ் சுட்டுத் திரிந்தவர், பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு 1946-ல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகளுக்காக ஒரு அறக்கட்டளையே தொடங்கினார். மேற்கே ஹோல்பீச் பக்கம் விமானப்படை குண்டுபோட்டுப் பழகும் திடல் இருக்கிறது. அங்கே சிவப்புக் கொடி பறந்தால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான், உள்ளே போகாதீர்கள்.

கடலோரச் சேறு யாருடையது என்ற கேள்வி புதியவர்களைக் குழப்பும். இங்கிலாந்தில் அலை படும் நிலத்தில் சுமார் பாதி, அரச சொத்துகளை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டின் பொறுப்பில் இருக்கிறது, கிளப்புகள் அதைக் குத்தகைக்கு எடுக்கின்றன. சில கிளப்புகள் சொந்தமாகவே நிலம் வாங்கி வைத்திருக்கின்றன. யாரும் கேட்கவில்லை என்பதற்காக இறங்கிச் சுட்டுவிட முடியாது. நீங்கள் சேரும் கிளப் அநேகமாக பாஸ்க் (BASC) என்கிற வேட்டைக்காரர் சங்கத்தில் இணைந்திருக்கும், உங்களையும் அதில் உறுப்பினராகச் சொல்வார்கள். 1908-ல் ஹல் நகரத்தில் ஸ்டான்லி டங்கன் என்பவர் வாத்து வேட்டைக்காரர்களுக்காகத் தொடங்கிய சங்கம்தான் இன்று அந்தப் பெயரில் இருக்கிறது. அந்த உறுப்பினர் அட்டையோடு விபத்துக் காப்பீடும் வரும், அதற்காகவே சேரலாம்.

பறவை அடையாளத்தில் உங்களுக்கு ஒரு முன்தொடக்கம் இருக்கிறது. குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வருகிற ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் இங்கேயும் வரும். நெற்றியில் சந்தன நிறத்தில் பட்டை இழுத்த நாமத்தலை வாத்துதான் இந்தச் சதுப்பின் ராஜா, இங்கே விஜன் என்பார்கள். ஊரில் இவற்றின் மேல் கைவைத்தால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இங்கே சீசனில் சுடலாம். அந்த முரண் எனக்கு இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை, இருந்தாலும் போகிறேன். ஆனால் இருட்டில் நாமம் தெரியாது. காதால்தான் பிடிக்க வேண்டும். ஆண் விஜன் நீளமாக ஒரு விசில் அடிக்கும், தவறவிடவே முடியாது. கிளுவை சின்னதாகக் கிரீச்சிடும். பிங்க்ஃபுட் கூஸ்கள் ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் செப்டம்பர் நடுவில் வரத் தொடங்கும், கூட்டமாகக் கத்திக்கொண்டே போகும். பிரென்ட் கூஸ் வாஷ் சேற்றில் நிறைய உண்டு, ஷெல்டக்கும் உண்டு. இரண்டும் பாதுகாக்கப்பட்டவை. அன்னம் எதையும் தொடக்கூடாது, குர்லூ என்கிற கோட்டானையும் (ஆந்தை அல்ல, வளைந்த நீள அலகுள்ள கரைப்பறவை) தொடக்கூடாது. அரையிருட்டில் கறுப்பாக ஒன்று தாழ்வாக வந்தால் 'என்னவாக இருக்கும்' என்று ஒரு நொடி தோன்றினாலே துப்பாக்கி தோளுக்குப் போகக் கூடாது. அப்படி விட்ட பறவைகளை நினைத்து நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

துப்பாக்கி விஷயத்தில் செலவு வேண்டாம். கிளேவுக்கு வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (12-bore) துப்பாக்கி போதும். ஆனால் உங்கள் கிளே தோட்டாவை எடுத்துக்கொண்டு போனால் குற்றவாளியாகத் திரும்புவீர்கள். இங்கிலாந்தில் 1999 முதல் வாத்து, கூஸ் எதையும் ஈயக் குண்டால் சுடக்கூடாது, எந்த இடமாக இருந்தாலும் சரி. கடலோரச் சேற்றில் எதைச் சுட்டாலும் ஈயம் கூடாது. நீங்கள் எஃகு வாங்குவீர்கள். எஃகு ஈயத்தைவிட எடை குறைவு, தூரம் போகப் போக வேகம் குறையும். அதனால் ஈயத்தில் பழகிய அளவைவிட இரண்டு அளவு பெரிய குண்டு எடுங்கள். வாத்துக்கு மூன்றாம் நம்பர் என்பது பலரும் கைவைக்கும் அளவு. அதிக அழுத்தத் தோட்டா என்றால் குழாயில் அதைத் தாங்கும் என்பதற்கான லில்லிப் பூ முத்திரை இருக்கிறதா பாருங்கள், சோக் (குழாய் வாயின் குறுக்கம்) அரைக்கு மேல் வேண்டாம். சந்தேகம் இருந்தால் துப்பாக்கிக் கடைக்காரரிடம் குழாயைக் காட்டிவிட்டு வாங்குங்கள். தூரம்தான் புதியவர்களைக் கவிழ்க்கும். திறந்த வெளியில் எல்லாப் பறவையும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். வெளிச்சத்தில் முப்பத்தைந்து கஜத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டியதை விட்டுவிடுங்கள். காயத்தோடு தப்பிப் போகிற பறவை உங்கள் கணக்கில் வராது, ஆனால் சாகும்.

ஸ்காட்லாந்துக்கு வருகிறேன். இந்த அக்டோபரில் போகாதீர்கள். நண்பர்கள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும், 'அங்கே கிளப் எல்லாம் வேண்டாம், கடற்கரைச் சேற்றில் யாரும் சுடலாம்.' பாதி உண்மை. ஸ்காட்லாந்தில் அலை படும் நிலத்தில் காட்டு வாத்து சுடும் பொது உரிமை பழைய காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அந்தச் சேற்றுக்குப் போகும் வயல்வழிக்கும், கார் நிறுத்துவதற்கும் அந்த உரிமை எதுவும் சொல்லாது. நல்ல இடங்கள் பல இயற்கைக் காப்பகங்களாக இருக்கின்றன, அங்கே பர்மிட் வேண்டும். சால்வே கரையில் இருக்கும் கேர்லவராக் அப்படி ஒன்று. பீட்டர்பரோவிலிருந்து சால்வேக்கே ஐந்து மணி நேர ஓட்டம். நான் முன்னால் சொன்னதைத் திரும்பப் பாருங்கள், ஸ்காட்லாந்து முழுக்க ஞாயிற்றுக்கிழமை காட்டு வாத்து சுடத் தடை. உங்களுக்கு இருக்கும் ஒரே விடுமுறை நாளில் விடுதியில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார, நீங்கள் சம்பள லீவு போட்டுப் போகிறீர்கள்.

நானும் என் மூன்றாம் வருஷத்தில் போனேன். காசு வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் ஒரு வழிகாட்டி. விடியலில் வயலில் பொம்மைக் கூஸ்களுக்கு நடுவே எங்கள் ஐந்து பேரையும் உட்கார வைத்துவிட்டு, வேனில் போய்த் தூங்கினார். அந்த வயலிலிருந்து பறவைகள் இரண்டு நாள் முன்பே நகர்ந்துவிட்டதை ஊர்க்காரர் ஒருவர் பிறகு சொன்னார். பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு. எங்களோடு வந்த ஒரு புதியவர், வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று எட்டாத உயரத்தில் பறந்ததையெல்லாம் சுட்டார். தூரம் போய் காசு கட்டியவனுக்குப் பொறுமை இருக்காது. அது அவர் குணம் இல்லை, அந்தப் பயணத்தின் அமைப்பு அப்படி.

வேறு இடம் பார்க்க ஆசை இருந்தால் இரண்டாம் சீசனில் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பல கிளப்புகள் வெளியாட்களுக்கு நாள் பர்மிட் தருகின்றன, பாஸ்க்கின் பர்மிட் திட்டத்தில் அவற்றைத் தேடலாம். உள்ளூர் உறுப்பினர் துணைக்கு வருவாரா என்று கேட்டு, வருவார் என்கிற இடத்துக்குப் போங்கள். முந்தின நாள் பகலில், தண்ணீர் வற்றியிருக்கும்போது ஒருமுறை நடந்து பாருங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் அந்தப் பயணத்துக்கே நேரம் இல்லை என்று அர்த்தம். கென்ட் நண்பரையும் மறக்க வேண்டாம். விருந்தாளி பர்மிட்டில் வருஷத்துக்கு ஒருமுறை அவரோடு போய்வரலாம், அதற்குக் கிளப் மாறத் தேவையில்லை.

பயணத்தில் துப்பாக்கி. காரில் வெளியே தெரியாதபடி, முன்கட்டையைக் கழற்றித் தனியாக வைத்து, பூட்டிக் கொண்டுபோங்கள். வழியில் இட்லிக்கடை கண்ணில் பட்டாலும் கார் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு இறங்காதீர்கள், ஒருவர் வண்டியிலேயே இருக்கட்டும். விடுதியில் தங்குவதாக இருந்தால் பாதுகாப்பாக வைக்க இடம் உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். கரைமேல் நடக்கும்போது உறையில், குண்டு இல்லாமல். சான்றிதழ், கிளப் அட்டை, பர்மிட் மூன்றும் உள்பையில் பிளாஸ்டிக் உறையில். நாய் நடத்த வந்த யாரோ ஒருவர் பச்சை உடையில் துப்பாக்கியோடு போகும் நம்மைப் பார்த்து போலீஸைக் கூப்பிடுவது நடக்கும். எனக்கு இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் பத்து நிமிஷத்தில் முடிந்தது, ஏனென்றால் மூன்று காகிதமும் கையில் இருந்தன, குரலும் உயரவில்லை.

உடுப்பு, சாமான் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மார்பு வரை வரும் வேடர்ஸ் (பூட்ஸோடு சேர்ந்த நீர்புகா உடுப்பு), திசைகாட்டி, விசில், இரண்டு டார்ச், ஆழம் பார்க்க ஒரு நீளக் கம்பு. போன் இருக்கிறதே என்று திசைகாட்டியை விட்டுவிடாதீர்கள், குளிரில் போன் செத்துவிடும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நாய் உடனே வாங்க வேண்டாம், ஆனால் நாய் வைத்திருப்பவரோடு மட்டும் போங்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் விழுந்த வாத்தை எடுக்க இறங்கியவர்களின் கதைகள் நல்லவை அல்ல.

கடைசியாக உங்கள் வீட்டுக்காரம்மாவின் கேள்வி. தாராளமாகச் சமைக்கலாம், சுட்டதைச் சாப்பிடாதவரோடு நான் சதுப்புக்குப் போவதுமில்லை. டக், கூஸ் இரண்டும் நம் பேச்சில் வாத்துதான் என்றாலும் சட்டத்துக்கு வேறு வேறு: காட்டு கூஸ் கறியை விற்பது இங்கே குற்றம், சாப்பிடலாம், சும்மா கொடுக்கலாம். பறவைக் காய்ச்சல் இந்த வருஷங்களில் வந்து வந்து போகிறது, அதனால் இறகு பிடுங்கும்போது கையுறை போடுங்கள், செத்துக் கிடக்கும் பறவையைத் தொடாதீர்கள். விஜனும் கிளுவையும் புல், விதை தின்பவை, ருசி சுத்தமாக இருக்கும். தட்டைவாயன் சேற்று வாடை அடிக்கும், கொஞ்சம் மஞ்சளும் மோரும் போட்டு ஊறவைத்தால் தேவலாம். காட்டு வாத்தில் கொழுப்பு குறைவு, பண்ணை வாத்து மாதிரி வறுத்தால் செருப்புத் தோலாகிவிடும். எலும்போடு வெட்டி, மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து, மூடிபோட்டு ஒன்றரை மணி நேரம் மெதுவாக வேகவிடச் சொல்லுங்கள். கடிக்கும்போது எஃகுக் குண்டு பல்லில் படலாம். சாப்பிட உட்காருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் மாமனாரிடம் நான் சொல்லவில்லை, பல் டாக்டர் செலவு என் தலையில் விழுந்தது.